மிக மோசமான இரவுக்கு யார் பொறுப்பு? டெக்சாஸ் மின்சந்தையின் கதை

2021 பிப்ரவரி 15, அதிகாலை 1.20 மணி. டெக்சாஸ் மாநிலத்தின் மின்தொகுப்பை இயக்கும் எர்காட் அமைப்பு, உடனே மின்வெட்டைத் தொடங்கும்படி விநியோக நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அரை மணி நேரத்தில் நிலைமை இன்னும் மோசமாயிற்று. உற்பத்தியும் தேவையும் சமமாக இருக்கிறதா என்று காட்டும், 60 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய அதிர்வெண் 59.4க்குக் கீழே இறங்கி 4 நிமிடம் 23 விநாடி அங்கேயே கிடந்தது. அந்த நிலை 9 நிமிடம் நீடித்திருந்தால் மின்நிலையங்கள் தம்மைக் காத்துக்கொள்ள ஒன்றன்பின் ஒன்றாக டிரிப் ஆகியிருக்கும். மாநிலம் முழுதும் இருண்டிருக்கும், மறுபடி எழுப்ப வாரக்கணக்கில் ஆகியிருக்கும். அதைத் தடுக்க 20,000 மெகாவாட் வரை தேவையை வெட்ட வேண்டி வந்தது. 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் இல்லை, பலருக்கு அது நாள்கணக்கில் திரும்பவில்லை. மாநில சுகாதாரத் துறை பின்னர் எடுத்த கணக்கின்படி அந்தப் பனிப்புயலில் இறந்தவர்கள் 246 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரைக் கொன்றது குளிர். வீட்டைச் சூடாக்க வேறு வழியின்றி ஜெனரேட்டரையும் கார் இன்ஜினையும் ஓட்டி, கார்பன் மோனாக்சைடு நச்சுக்காற்றில் இறந்தவர்களும் உண்டு.

இது நடந்த இடம் அமெரிக்காவிலேயே மிக அதிகமாக மின்சாரம் உற்பத்தி செய்யும் மாநிலம். எண்ணெயும் எரிவாயுவும் அதன் காலடியிலேயே கிடைக்கின்றன, காற்றாலைகளிலும் அதுவே நாட்டில் முதலிடம். மின்சாரத்தை முழுமையாகச் சந்தையிடம் ஒப்படைத்த மாநிலம் என்று உலகமெங்கும் பாடமாகக் காட்டப்பட்டதும் அதுதான். அந்த நான்கு நாட்களும் மொத்த விற்பனைச் சந்தையில் விலை யூனிட்டுக்கு 9 டாலர். வழக்கமாக அது 2, 3 சென்ட்டைச் சுற்றியே இருக்கும். 9 டாலர் என்பது அன்றைய மாற்று மதிப்பில் நம் கணக்கில் சுமார் 650 ரூபாய். இவ்வளவு விலை கொடுத்தும் ஏன் மின்சாரம் வரவில்லை? போட்டிச் சந்தையில் போதுமான மின்திறனை யார், எப்படி உறுதி செய்வது என்ற பெரிய கேள்விக்குள் நுழைய இந்தச் சின்னக் கேள்வியே நல்ல வாசல்.

பழைய ஏற்பாட்டில் பதில் எளிது. உற்பத்தி, கம்பி, விநியோகம் மூன்றும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. அடுத்த பத்து ஆண்டில் தேவை எவ்வளவு வளரும் என்று அந்நிறுவனம் கணித்து, அதற்கு மேல் கொஞ்சம் உபரியும் வைத்து நிலையங்களைக் கட்டும். செலவை ஒழுங்குமுறை ஆணையம் கட்டணத்தில் ஏற்றித் தரும். தேவைக்கு மிஞ்சிக் கட்டிய நிலையங்களுக்கும் மக்களே பணம் கட்டினார்கள் என்பது இதன் குறை. ஆனால் விளக்கு அணைந்தால் யாரைக் கேட்பது என்பதில் சந்தேகம் இருந்ததில்லை.

1999இல் ஜார்ஜ் புஷ் ஆளுநராக இருந்தபோது டெக்சாஸ் சட்டமன்றம் இந்த ஏற்பாட்டைப் பிரித்துப்போட்டது. 2002 ஜனவரி முதல் மாநிலத்தின் பெரும்பகுதியில் நுகர்வோர் தாம் விரும்பிய விற்பனையாளரிடம் மின்சாரம் வாங்கலாம். மின்நிலையம் கட்டுவதோ மூடுவதோ தனியாரின் சொந்த முடிவு. தேவைக்கு ஏற்ற நிலையங்களைக் கட்டும் கடமை அதோடு எவருடையதும் அல்லாமல் போயிற்று. கலிபோர்னியா 2000, 2001இல் தன் புதிய சந்தையில் தடுக்கி விழுந்ததையும், அதன் மிகப்பெரிய மின்நிறுவனமான பிஜி அண்டு இ திவாலானதையும் பார்த்த பிறகும் டெக்சாஸ் பின்வாங்கவில்லை. தன் வடிவமைப்பு வேறு என்பது அதன் நம்பிக்கை. வேறுதான்.

சந்தை நடக்கும் விதம் இது. ஒவ்வொரு நிலையமும் இந்த விலைக்குத் தருகிறேன் என்று கேள்விவிலை வைக்கிறது. மலிவானதிலிருந்து அடுக்கிக்கொண்டே போய், அந்த நேரத்துத் தேவை நிறைவேறும் இடத்தில் கடைசியாக எந்த நிலையம் வருகிறதோ அதன் விலையே எல்லோருக்கும். காற்றாலைக்கும் சூரியமின்சக்திக்கும் எரிபொருள் செலவில்லை, அவை முதலில் வரும். பிறகு அணுமின், நிலக்கரி, எரிவாயு. பழைய, திறன் குறைந்த எரிவாயு டர்பைன்கள் கடைசியில். சாதாரண நாட்களில் இந்த முறை நன்றாகவே வேலை செய்கிறது. வீணடிப்பு குறைகிறது, மலிவான நிலையம் முந்துகிறது. இதில் சந்தைக்குரிய பெருமையை நான் குறைக்கவே மாட்டேன்.

சிக்கல் அந்தக் கடைசி டர்பைனிடம் இருக்கிறது. ஆண்டில் மிக வெப்பமான சில மதியங்களிலும் மிகக் குளிரான சில இரவுகளிலும் மட்டுமே அதற்கு வேலை. தீபாவளிக் கூட்டத்துக்கென்று மட்டும் ஒரு பேருந்தை வாங்கி, மற்ற நாட்களெல்லாம் டிப்போவில் நிறுத்தி வைப்பதைப் போன்ற முதலீடு. ஒரு மெகாவாட் திறனுள்ள அப்படிப்பட்ட டர்பைனின் ஆண்டு நிலைச்செலவு சுமார் ஒரு லட்சம் டாலர் என்பது டெக்சாஸ் ஒழுங்குமுறைக் கணக்குகளிலேயே நெடுநாள் புழங்கிய மதிப்பு. ஆண்டுக்கு 20 மணி நேரம் மட்டும் ஓடி அந்தப் பணத்தைத் தேற்ற வேண்டுமானால் அந்த 20 மணி நேரமும் யூனிட்டுக்கு 5 டாலர் கிடைத்தாக வேண்டும். விலை அவ்வளவு ஏற எந்த அரசும் சுலபமாக விடாது. உச்சவரம்பு வைப்பார்கள். வரம்பு வைத்தால் டர்பைனின் கணக்கு தேறாது, யாரும் கட்டமாட்டார்கள், இருப்பதையும் மூடிவிடுவார்கள். பொருளியலாளர்கள் இதைக் காணாமற்போன பணம் என்கிறார்கள்.

இதற்கு உலகில் இரண்டு பெரிய விடைகள் உருவாயின. ஒன்று, ஓடினாலும் ஓடாவிட்டாலும் தயாராக இருப்பதற்கென்றே தனியாகப் பணம் கொடுப்பது. திறன் சந்தை என்று சொல்லப்படுவது இதுதான். பென்சில்வேனியாவை மையமாகக் கொண்டு 13 மாநிலங்களுக்கும் தலைநகர் வாஷிங்டனுக்கும் மின்தொகுப்பை நடத்தும் பிஜேஎம் இதைத் தேர்ந்தது. பிரிட்டனும் 2014 முதல் இந்த ஏலத்தை நடத்துகிறது. இன்னொன்று, தயார்நிலைக்குத் தனியாக ஒரு காசும் தராமல், தட்டுப்பாட்டு நேரத்தில் விலையை வானளவு ஏறவிடுவது. அந்த ஆசையில் ஆட்கள் கட்டிக்கொள்வார்கள் என்பது இதன் நம்பிக்கை. ஆஸ்திரேலியாவும் டெக்சாஸும் இந்தப் பக்கம் நின்றன.

டெக்சாஸ் இதில் அரைமனதோடு நிற்கவில்லை. 2015க்குள் உச்சவரம்பை யூனிட்டுக்கு 9 டாலராக உயர்த்தியது. 2014இல் ஹார்வர்டு பேராசிரியர் வில்லியம் ஹோகனின் கருத்தை ஒட்டி ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கையிருப்புத் திறன் குறையக் குறைய விலையோடு ஒரு கூடுதல் தொகை தானாகச் சேர்ந்துகொண்டே போகும், இருப்பு அபாய அளவைத் தொட்டால் விலை நேராக உச்சிக்குப் போய்விடும். 2019 கோடையில் இது சோதனைக்கு வந்தது. நிலக்கரி நிலையங்கள் சில மூடப்பட்டு, தேவைக்கு மேலான உபரி 8.6 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. இலக்கு 13.75 சதவீதம். ஆகஸ்ட்டில் தேவை 74,820 மெகாவாட் என்று புதிய உச்சம் தொட்டது, அதே வாரத்தில் விலை 9 டாலரையும் தொட்டது. மின்வெட்டு வரவில்லை. தொழிற்சாலைகள் விலையைப் பார்த்துத் தாமாகவே நிறுத்தின, நின்றுபோயிருந்த நிலையங்கள் அவசரமாகப் பழுது நீக்கி வந்தன. விலைக்கு வேலை செய்யத் தெரியும் என்று அன்று சொன்னவர்கள் சொன்னது உண்மைதான்.

ஆனால் அது கோடை. டெக்சாஸ் தன் கவனத்தையெல்லாம் ஆகஸ்ட் மாதத்தின் மேல் வைத்திருந்தது. கொதிகலனும் குழாய்களும் கருவிகளும் திறந்தவெளியில் நிற்கும்படிதான் அங்கே நிலையங்கள் கட்டப்பட்டன, வெப்பம் வெளியேற வசதி என்று. குளிர் எப்போதாவதுதான் வரும். வராத பகையும் அல்ல. 1989இல் வந்தது. 2011 பிப்ரவரியில் மீண்டும் வந்து சுழற்சி மின்வெட்டை உண்டாக்கியது. அதன்பின் நடுவண் ஒழுங்குமுறை அமைப்புகள் விரிவான அறிக்கை தந்து, நிலையங்களையும் எரிவாயுக் கிணறுகளையும் குளிருக்குத் தயார்ப்படுத்தச் சொல்லின. அது பரிந்துரை மட்டுமே, யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் உள்ள எல் பாசோ நகரம் எர்காட்டில் சேராதது. மேற்கு அமெரிக்க மின்தொகுப்போடு இணைந்தது. அங்குள்ள மின்நிறுவனம் 2011இல் பட்டதை மனத்தில் வைத்து நிலையங்களைக் குளிருக்கு ஏற்பப் பலப்படுத்தியது. 2021 புயலில் அங்கே சில ஆயிரம் பேருக்கு மட்டும், அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான் மின்சாரம் போயிற்று. அறிவும் தொழில்நுட்பமும் அதே மாநிலத்துக்குள்ளேயே இருந்தன என்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கிற செய்தி.

2020 நவம்பரில் எர்காட் வெளியிட்ட குளிர்கால மதிப்பீட்டைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. எதிர்பார்த்த உச்சத் தேவை சுமார் 57,700 மெகாவாட், கையில் உள்ள திறன் சுமார் 82,500. மிகக் கடுமையான குளிர் வந்தால்கூட 67,200 மெகாவாட்டுக்கு மேல் போகாது என்றது கணக்கு. வந்த குளிரில், மின்வெட்டு இல்லாதிருந்தால் தேவை 76,800ஐத் தொட்டிருக்கும் என்று எர்காட்டே பின்னர் மதிப்பிட்டது. இன்னொரு பக்கம் ஒரு கட்டத்தில் 52,000 மெகாவாட்டுக்கும் மேல் திறன் இயங்காமல் கிடந்தது. மாநிலத்தில் நிறுவப்பட்டிருந்த மொத்த மெகாவாட்டில் ஏறத்தாழப் பாதி, தேவைப்பட்ட இரவில் இல்லை.

காற்றாலைகள் உறைந்ததுதான் காரணம் என்று அரசியல்வாதிகள் அன்றே தொலைக்காட்சியில் பேசத் தொடங்கினார்கள். காற்றாலைகள் உறைந்தது உண்மை. ஆனால் நடுவண் அமைப்புகள் 2021 நவம்பரில் தந்த இறுதி அறிக்கைப்படி, எதிர்பாராமல் நின்றுபோன அலகுகளில் 58 சதவீதம் எரிவாயுவில் ஓடுபவை. நின்றதற்கான காரணங்களில் 44.2 சதவீதம் உறைதல், 31.4 சதவீதம் எரிபொருள் தட்டுப்பாடு. அணுமின் நிலையம் ஒன்றில்கூட உணர்கருவிக்குப் போகும் குழாய் உறைந்து அலகு நின்றது.

எரிவாயுவின் கதை தனியாகவே சொல்லத் தக்கது. மேற்கு டெக்சாஸின் பெரிய எண்ணெய், எரிவாயு வயலான பெர்மியன் படுகையில் கிணற்று வாயிலில் ஈரம் உறைந்து அடைத்துக்கொண்டது. ஓடிக்கொண்டிருந்த கிணறுகளுக்கும் குழாய் அழுத்த நிலையங்களுக்கும் மின்சாரம் வேண்டும். மின்வெட்டு உத்தரவு வந்தபோது விநியோக நிறுவனங்கள் அவற்றின் மின்சாரத்தையும் துண்டித்தன, ஏனெனில் அவற்றில் பெரும்பாலானவை முக்கிய நுகர்வோர் என்று பதிவு செய்யப்பட்டிருக்கவில்லை. மின்சாரம் போனதால் எரிவாயு குறைந்தது, எரிவாயு குறைந்ததால் மின்நிலையம் நின்றது, நிலையம் நின்றதால் இன்னும் மின்வெட்டு. இந்தச் சுழலை உடைக்க எந்த விலையாலும் முடியாது. விலை என்பது மனிதரின் முடிவை மாற்றும் கருவி. உறைந்த வால்வுக்கு அது எட்டாது. நான்கு ஆண்டுக்கு முன்பே அதைத் துணியாலும் சூடேற்றும் கம்பியாலும் சுற்றி வைத்திருக்க வேண்டும். பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் இரவுக்காக இன்றே செலவு செய்யும்படி விலை ஒருவரைத் தூண்டுமா என்பதுதான் இந்த வடிவமைப்பின் உயிர்நாடிக் கேள்வி. பத்தாண்டுகளாக டெக்சாஸில் கிடைத்த விடை, தூண்டவில்லை.

விலைக்கு என்னதான் ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். மின்வெட்டு நடந்துகொண்டிருக்கும்போது சந்தையின் கணினி ஒரு முரணான விடையைத் தந்தது. துண்டிக்கப்பட்ட நுகர்வோரைத் தேவை என்றே அது எண்ணவில்லை. ஆகவே விலை யூனிட்டுக்கு 1.20 டாலர் அளவுக்கு இறங்கியது. மக்கள் இருட்டில் இருக்கும்போது விலை குறைவது தவறு என்று மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையம் விலையை 9 டாலரில் நிறுத்த உத்தரவிட்டது. மின்வெட்டு முடிந்த பிறகும் 19ஆம் தேதி காலை வரை அது அப்படியே நின்றது. சந்தையைக் கண்காணிக்கும் சார்பற்ற அமைப்பு, தேவையில்லாமல் நீடித்த அந்த மணிநேரங்களால் மட்டும் சந்தைக்கு ஏறிய சுமை 1,600 கோடி டாலர் என்று கணக்கிட்டது. ஆணையம் விலையைத் திருத்த மறுத்துவிட்டது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 2024இல் ஆணையத்தின் உத்தரவு செல்லும் என்று முடிந்தது.

அந்தப் பணம் போன திசை சிந்திக்க வைக்கிறது. சொந்த நிலையம் இயங்காமல், வாடிக்கையாளருக்குத் தந்த வாக்கைக் காப்பாற்ற 9 டாலருக்கு வாங்கிக் கொடுத்தவர்கள் கவிழ்ந்தார்கள். பிராசோஸ் என்ற பழைய கூட்டுறவு மின்நிறுவனத்துக்கு எர்காட்டிலிருந்து வந்த பில் 180 கோடி டாலருக்கும் மேல், மார்ச் 1ஆம் தேதி அது திவால் மனு கொடுத்தது. மாதம் 9.99 டாலர் கட்டணம் வாங்கிக்கொண்டு மொத்தச் சந்தை விலையை அப்படியே வீட்டுக்குக் கடத்திய கிரிடி என்ற நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் சிலருக்கு ஒரு வாரத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது. மாநிலத்தின் மிகப்பெரிய உற்பத்தியாளரான விஸ்ட்ரா பெரும் நஷ்டம் அடைந்தது. எரிவாயுக் குழாய் நிறுவனமான எனர்ஜி டிரான்ஸ்ஃபருக்கு அந்தப் புயலால் கிடைத்தது 240 கோடி டாலர். மின்நிலையம் கட்டத் தூண்டும் என்று நினைத்த விலை, எரிபொருளை வைத்திருந்தவரிடம் போய்ச் சேர்ந்தது. மீதி நஷ்டத்தைக் கடன் பத்திரமாக்கி, பல ஆண்டுகளுக்குப் பரப்பி, நுகர்வோரின் பில்லில் ஏற்றினார்கள். இன்றும் டெக்சாஸ் மக்கள் அதைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இருட்டும் சமமாகப் பங்கிடப்படவில்லை. சுழற்சி மின்வெட்டு என்றால் ஒரு ஃபீடரை, அதாவது ஒரு வட்டாரத்துக்கு மின்சாரம் கொண்டுபோகும் பாதையை, முப்பது, நாற்பது நிமிடம் அணைத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். மருத்துவமனையோ தீயணைப்பு நிலையமோ உள்ள ஃபீடர்களைத் தொடக்கூடாது. அவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால் சுழற்றுவதற்கு மீதி இல்லை. எனவே அணைந்த தெருக்கள் நாள்கணக்கில் அணைந்தே இருந்தன, ஆஸ்டினிலும் ஹூஸ்டனிலும் நகர மையத்தில் ஆளில்லாத அலுவலகக் கட்டடங்கள் இரவு முழுக்க வெளிச்சமாக நின்றன.

இத்தனைக்கும் பக்கத்து மாநிலங்களிலிருந்து வாங்கியிருக்கலாமே என்று தோன்றும். டெக்சாஸின் மின்தொகுப்பு தனித்தீவு. மாநில எல்லையைத் தாண்டினால் நடுவண் ஒழுங்குமுறையின் கீழ் வந்துவிடுவோம் என்று 1930களிலிருந்தே விலகி நிற்கிறது. இணைப்புகள் மெக்சிகோவோடு சேர்த்து 1,200 மெகாவாட் சொச்சம்தான். இந்த இடத்தில் தமிழ்நாட்டுக்காரருக்கு ஒரு நினைவு வரத்தான் செய்யும். 2012இல் சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கும் மேல் மின்சாரம் இல்லாத நாட்களில் வட இந்தியாவில் விற்பதற்கு மின்சாரம் இருந்தது, கொண்டுவரத்தான் கம்பி இல்லை. தென்னக மின்தொகுப்பு தனியாக நின்ற காலம் அது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர், சோலாப்பூர் இடையிலான 765 கிலோவோல்ட் பாதை வழியாக நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு அது ஒத்தியங்கத் தொடங்கியது. பற்றாக்குறை என்று நாம் அன்று சொன்னதில் ஒரு பகுதி, இணைப்பின்மை.

திறன் சந்தை வைத்திருந்தால் தப்பியிருக்கலாமா? 2021க்குப் பிறகு டெக்சாஸில் பலர் அதைத்தான் கேட்டார்கள். 2022 கிறிஸ்துமஸ் வாரத்தில் எலியட் என்ற புயல் கிழக்கு அமெரிக்காவைத் தாக்கியபோது அதற்குப் பாதி விடை கிடைத்தது. தயார்நிலைக்கென்று ஆண்டுதோறும் பல நூறு கோடி டாலர் கொடுக்கும் பிஜேஎம்மில் டிசம்பர் 24 காலை சுமார் 46,000 மெகாவாட், அதாவது திறனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வரவில்லை. அதில் சுமார் 70 சதவீதம் எரிவாயு நிலையங்கள். மயிரிழையில் மின்வெட்டு தவிர்க்கப்பட்டது. வராத நிலையங்கள் மீது சுமார் 180 கோடி டாலர் அபராதம் விதித்தார்கள். வழக்காடி, சமரசத்தில் குறைத்துக்கொண்டார்கள். அதே புயலில், சந்தையே இல்லாத பழைய முறையில் இயங்கும் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் தன் 90 ஆண்டு வரலாற்றில் முதல்முறையாகச் சுழற்சி மின்வெட்டு செய்தது. அங்கும் உறைந்தவை அதே கருவிகள், அதே குழாய்கள்.

ஆகவே எந்த வகைச் சந்தை என்ற வாதத்தில் நான் பெரிதாக எதையும் எதிர்பார்ப்பதில்லை. ஒரு மெகாவாட்டை எப்படி எண்ணுகிறோம் என்பதுதான் அடியில் இருக்கிற சிக்கல். பெயர்ப்பலகையில் 100 என்று இருக்கும் நிலையம் மிக மோசமான இரவில் எத்தனை தரும்? எலியட்டுக்குப் பிறகு பிஜேஎம் இதைக் கணக்கிடும் முறையை மாற்றியது. 2025-26க்கான ஏலத்தில் அணுமின் நிலையத்தின் 100 மெகாவாட்டை 95ஆக எண்ணினார்கள். நிலக்கரி 84. தனி எரிவாயு டர்பைன் வெறும் 62. சூரியனைத் தொடர்ந்து திரும்பும் சூரியப் பலகைக்கு 14. நம்பகமானது என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு எண்ணிய எரிவாயுவின் மதிப்பு இப்படி இறங்கியது பெரிய மாற்றம். ஒரே காரணத்தால் எல்லாம் சேர்ந்து விழும் என்றால், நூறு டர்பைன்களை நூறு தனித்தனிக் காப்பாகக் கருத முடியாது.

நேர்மையான எண்ணிக்கைக்கு விலையும் உண்டு. அந்த ஏலத்தில் ஒரு மெகாவாட்டுக்கு ஒரு நாள் விலை, முந்தைய ஆண்டின் 28.92 டாலரிலிருந்து 269.92 டாலராகத் தாவியது. மொத்தச் செலவு 220 கோடியிலிருந்து 1,470 கோடி டாலர். எண்ணும் முறை மட்டும் காரணமல்ல, பழைய நிலையங்கள் மூடப்பட்டதும் தரவு மையங்களின் புதிய தேவையும் சேர்ந்துகொண்டன. பென்சில்வேனியா ஆளுநர் ஜோஷ் ஷபிரோ வழக்குத் தொடுத்த பிறகு விலைக்கு வரம்பு வந்தது, அடுத்த ஏலம் 329.17 டாலர் என்ற அந்த வரம்பிலேயே போய் முட்டி நின்றது. மேலே சொன்ன காணாமற்போன பணத்தின் கதை, வேறு வடிவில் அங்கும் தொடங்கிவிட்டது. விலை குறைவாக இருந்த ஆண்டுகளில் யாரும் கட்டவில்லை. விலை ஏறியபோது கட்ட நினைத்தவர்களும் டர்பைனுக்காகப் பல ஆண்டு வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

டெக்சாஸ் என்ன செய்தது? 2021இலேயே சட்டம் போட்டு நிலையங்களும் முக்கிய எரிவாயு வசதிகளும் குளிருக்குத் தயாராவதைக் கட்டாயமாக்கியது. எர்காட் ஆட்கள் நேரில் போய்ச் சோதிக்கிறார்கள், தவறினால் அபராதம். எரிவாயுக் கிணறுகளும் மின்வெட்டு விலக்குப் பட்டியலில் சேர்ந்தன. உச்சவரம்பை 9 டாலரிலிருந்து 5 டாலராகக் குறைத்தார்கள். திறன் சந்தையைப் போன்ற ஓர் ஏற்பாட்டை 2023இல் ஆணையம் ஏற்றது, சட்டமன்றம் அதன் செலவுக்கு ஆண்டுக்கு 100 கோடி டாலர் என்று கடிவாளம் போட்டது, கடைசியில் அது கிடப்பில் போனது. மாறாக, எரிவாயு நிலையம் கட்ட 3 சதவீத வட்டியில் அரசே கடன் தரும் நிதியை 2023 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்றார்கள். சந்தையின் மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்த மாநிலம் அரசுப் பணத்தை எடுத்து நீட்டியும் விண்ணப்பித்த பல திட்டங்கள் விலகிக்கொண்டன.

அதே வேளையில் யாரும் திட்டமிடாத ஒன்று நடந்தது. 2021 தொடக்கத்தில் சில நூறு மெகாவாட்டாக இருந்த பேட்டரிகள் 2025க்குள் 10,000 மெகாவாட்டைத் தாண்டின. மதியம் சூரியமின்சாரம் மலிவாகக் கிடைக்கும்போது நிரப்பி, பொழுது சாயும் நேரத்தில் விற்கிறார்கள். தட்டுப்பாட்டு விலையின் தூண்டுதல் இங்கே அழகாக வேலை செய்திருக்கிறது. கோடை மாலைகளின் பயம் பெருமளவு தணிந்தது. விலையால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். அடிக்கடி வரும் நெருக்கடிக்கு விலை ஆள் சேர்த்துவிடும். அரிதாக வந்து கொல்லும் நெருக்கடிக்குக் கட்டாய விதியும், நேரில் போய்ப் பார்க்கும் ஆய்வாளரும் வேண்டும். 2024 ஜனவரியில் குளிர்காலத் தேவை 78,000 மெகாவாட்டையும் 2025 பிப்ரவரியில் 80,000ஐயும் தாண்டியது. இரண்டு முறையும் மின்வெட்டு இல்லை. 2021 அளவுக்கு நீண்ட, பரந்த குளிராக அவை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அங்குள்ள பேட்டரிகளில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு மணி நேரம் தாங்குபவை. மூன்று நாள் உறைபனிக்கு அவை போதா.

2024 ஆகஸ்ட்டில் டெக்சாஸ் முதல்முறையாக நம்பகத்தன்மைக்கு எழுத்தில் ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டது. பத்தாண்டில் ஒரு முறைக்கு மேல் மின்வெட்டு வரக்கூடாது, வந்தாலும் 12 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும், சுழற்சி முறையில் சமாளிக்கக்கூடிய அளவைத் தாண்டக்கூடாது. எத்தனை முறை என்று மட்டும் பார்த்த பழைய வழக்கத்தோடு எவ்வளவு நேரம், எவ்வளவு ஆழம் என்பதையும் சேர்த்தது இதன் சிறப்பு. 2021இல் கொன்றது இந்த இரண்டும்தான்.

இந்தியாவும் இதே பாதையின் தொடக்கத்தில் நிற்கிறது. 2023 ஜூனில் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்படி, விநியோக நிறுவனங்கள் உச்சத் தேவைக்கான திறனை முன்கூட்டியே ஒப்பந்தம் செய்து காட்ட வேண்டும். பெரும்பங்கு, அதாவது 75 முதல் 80 சதவீதம் வரை, நீண்டகால ஒப்பந்தமாக இருக்க வேண்டும். மின்சந்தையில் அன்றன்றைக்கு வாங்கிக்கொள்வதை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. இந்த ஒரு வரி மிக முக்கியமானது என்று நினைக்கிறேன். நம் வழக்கமான நாள்-முன் சந்தையில் உச்சவரம்பு 2023 முதல் யூனிட்டுக்கு 10 ரூபாய். அந்த விலையை நம்பி யாரும் உச்சநேர நிலையம் கட்டப்போவதில்லை. ஆகவே கடமையை விநியோக நிறுவனத்தின் மேல் வைத்தது சரியான தேர்வு. ஆனால் கடன்சுமையில் இருக்கும் நிறுவனம் கையெழுத்திடும் ஒப்பந்தத்தை நம்பி வங்கி பணம் தருமா என்பது நம்முடைய தனிப் பிரச்சினை.

டெக்சாஸில் இப்போதைய சண்டை தரவு மையங்களைப் பற்றியது. ஒரே வளாகத்துக்கு ஒரு நகரத்தின் அளவு மின்சாரம் கேட்டு விண்ணப்பங்கள் குவிகின்றன. 2025இல் அங்கே நிறைவேறிய சட்டம், 75 மெகாவாட்டும் அதற்கு மேலும் கேட்கும் புதிய பெரிய நுகர்வோர் நெருக்கடியில் துண்டிக்கப்படத் தக்கவர்களாக இணைய வேண்டும் என்கிறது. மின்சாரம் போதாத இரவு என்றாவது வரும் என்று ஒப்புக்கொண்டு, முதலில் அணைவது குடியிருப்புத் தெருவா கணினிக் கிடங்கா என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கும் விதி இது. எத்தனை நிறுவனங்கள் இதற்கு விலக்குக் கேட்கும், ஆணையம் எத்தனைக்கு இணங்கும் என்பது அடுத்த சில குளிர்காலங்களில் தெரியவரும்.